குளியலறையில் பெரிய டைல்ஸ்: சுவரைச் சரிசெய்துவிட்டு ஒட்டுங்கள்

சின்ன டைல்ஸ் சுவரின் மேடுபள்ளத்தோடு இணங்கிப் போகும். 600×1200 மி.மீ. டைல் போகாது. ஒரு முனை சுவரில் அமர்ந்தால் மறுமுனை தூக்கி நிற்கும், பக்கத்து டைலோடு சேரும் இடத்தில் விளிம்பு விரலில் தட்டும். முதல்முறை ஒட்டுபவர்கள் ஒட்டும் நாளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பாதி வேலை அதற்கு முன்பே இருக்கிறது.

இரண்டு மீட்டர் நேரான அலுமினியப் பட்டையைச் சுவரில் நெடுக்கு, குறுக்கு, மூலைவிட்டம் என எல்லாப் பக்கமும் வைத்துப் பாருங்கள். இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மேட்டைத் தேய்த்து எடுங்கள், பள்ளத்தைப் பூச்சுக் கலவையால் நிரப்பிக் காயவிடுங்கள். பள்ளத்தை டைல் பசையாலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தடிமனாக வைத்த பசை இறுகும்போது சுருங்கி, டைலை உள்ளே இழுத்துவிடும். பழைய பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட வேண்டும்.

அடுத்து நீர்க்காப்புப் பூச்சு. இரண்டு கோட், இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. மூலைகளிலும் குழாய் வெளிவரும் இடங்களிலும் வலைநாடா வைத்துப் பூசுங்கள். காய்ந்ததும் தளத்தில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் கசிவு பாருங்கள்.

தளத்துக்கும் பெரிய டைல்ஸ் என்றால் வாட்டத்தை (தண்ணீர் வடியும் சரிவை) இப்போதே முடிவு செய்ய வேண்டும். நடுவில் வடிகால் இருந்தால் நான்கு பக்கத்திலிருந்தும் சரிவு வரும். பெரிய டைலை மூலைவிட்டமாக வெட்டாமல் அதில் உட்கார வைக்க முடியாது. சுவரோரம் நீளவாக்கில் வடிகால் வைத்து, ஒரே பக்கமாக மீட்டருக்கு 15–20 மி.மீ. வாட்டம் கொடுப்பது நல்லது. அதற்கு வழியில்லாவிட்டால் குளிக்கும் இடத்தில் மட்டும் சின்ன டைல்ஸ் போடுங்கள். பளபளப்பான டைல்ஸ் தளத்துக்கு வேண்டாம், வழுக்கும்.

டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 10–15 சதவீதம் கூடுதலாக எடுங்கள். விட்ரிஃபைட் டைல் (அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கிய வகை) 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும், எனவே வெறும் சிமென்ட் பால் அதைப் பிடிக்காது. பசைப் பையில் சி2 என்ற தரக்குறியும், கூடவே டி, இ எழுத்துகளும் இருக்கட்டும். டி என்றால் சுவரில் வழுக்கி இறங்காது. இ என்றால் பூசியபின் கூடுதல் நேரம் ஒட்டும் திறன் இருக்கும். வாளியில் வரும் தயார்நிலைப் பசையைத் தவிருங்கள்: அது ஈரம் ஆவியாகித்தான் இறுகும். முன்னால் பெரிய டைல், பின்னால் நீர்க்காப்பு என்றால் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். 5 மி.மீ. தடிமன் பசைக்குச் சதுர மீட்டருக்கு 7–8 கிலோ பசைத்தூள் ஆகும். 20 கிலோ பை சுமார் இரண்டரைச் சதுர மீட்டருக்கு வரும்.

சுவரில் அடி வரிசையிலிருந்து தொடங்காதீர்கள், தளம் எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. தளத்தின் தாழ்ந்த இடத்திலிருந்து ஒரு டைல் உயரத்துக்குச் சற்றுக் கீழே மட்டம் பார்த்துக் கோடு போட்டு, அதில் நேரான மரச்சட்டத்தைத் திருகி, இரண்டாம் வரிசையை அதன்மேல் நிறுத்துங்கள். அடி வரிசையைக் கடைசியில் அளந்து வெட்டிக்கொள்ளலாம். மூலையில் ஒல்லியான துண்டு விழாதபடி முன்பே அளந்து தள்ளி வையுங்கள்.

இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்தால் நடுவில் லேசான வில் வளைவு தெரியலாம். நீள டைல்ஸில் அது சகஜம். செங்கல் பாணியில் பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டினால், ஒன்றின் நடுமேடு அடுத்ததன் முனையோடு சேர்ந்து ஏற்ற இறக்கம் காட்டும். நேர் அடுக்காக ஒட்டுங்கள், அல்லது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள்.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். மெதுவாகச் சுழலும் கலக்கியால் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். இறுக ஆரம்பித்த பசையில் தண்ணீர் ஊற்றினால் பிடிப்பு போய்விடும், அதைக் கொட்டிவிடுங்கள். டைலின் பின்புறத்து வெள்ளைத் தூளை ஈரத்துணியால் துடையுங்கள்.

முதலில் கரண்டியின் தட்டைப் பக்கத்தால் சுவரில் மெல்லியதாகத் தேய்த்து, பிறகு 10–12 மி.மீ. பல் வெட்டிய கரண்டியால் வரி இழுங்கள். வரிகள் எல்லாம் நேராக, டைலின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும். டைலின் முதுகிலும் ஒரு மெல்லிய பூச்சு. ஒட்டியதும் வரிகளுக்குக் குறுக்காக இரண்டு மூன்று செ.மீ. முன்னும் பின்னும் அழுத்தி நகர்த்துங்கள். வரிகள் சரிந்து, காற்று ஓரம் வழியே வெளியேறும். வளைவு வளைவாக இழுத்தால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நான்கு மூலையிலும் உருண்டை வைத்து ஒட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்: வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும், டைல் இடிபட்டால் உடையும். முதல் டைலை உடனே பெயர்த்துப் பாருங்கள், முதுகில் 95 சதவீதம் பசை படிந்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டைலுக்கான இடத்தில் மட்டும் பசை பூசுங்கள்.

இந்த அளவு டைல் சுமார் 15 கிலோ இருக்கும். இரண்டு பேரும் உறிஞ்சு பிடிகளும் தேவை. விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி, 25–30 செ.மீ.க்கு ஒன்றாக லெவலிங் கிளிப் வைத்து ஆப்பு செருகுங்கள். கிளிப் விளிம்புகளைச் சமன் செய்யும், கோணல் சுவரைச் சரிசெய்யாது. டைல்களுக்கு நடுவே இடைவெளி 2–3 மி.மீ. மறுநாள் ரப்பர் சுத்தியலால் இடைவெளி ஓடும் திசையிலேயே தட்டினால் கிளிப் ஒடிந்து விழும்.

குழாய் ஓட்டைக்கு வைர ஹோல்சா (வட்டத் துளை போடும் வாள்): சாய்த்துத் தொடங்கி, தண்ணீர் விட்டுக்கொண்டே மெல்ல நிமிர்த்துங்கள். உள்மூலை வெட்டும்போது மூலையில் முதலில் ஒரு துளை போடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும்.

24 மணி நேரம் கழித்து டைல் இடைவெளிகளை அடைக்கும் கலவையான கிரவுட் நிரப்புங்கள். சுவரும் தளமும் சேரும் மூலையிலும், சுவரும் சுவரும் சேரும் மூலையிலும் கிரவுட் வேண்டாம். அவை தனித்தனியே அசைவதால் அது வெடிக்கும். கிரவுட் நிறத்திலேயே சிலிக்கான் போடுங்கள், ஒரு நாள் காய்ந்தபின் குளிக்கலாம்.