செக்போஸ்ட் தாண்டி லாட்டரி வாங்குபவர்களுக்கு

பொள்ளாச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். குருவாயூர் சவாரி என்றால், கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியதும் வண்டியில் ஒருவராவது "ஏனுங்ணா, லாட்டரிக் கடை வந்தா நிறுத்துங்க" என்பார். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரளத்தில் 1967-லிருந்து அரசே தனித் துறை வைத்து நடத்துகிறது. தன் லாட்டரிச் சீட்டை விற்கிற மாநிலம் அடுத்த மாநிலச் சீட்டைத் தடுக்கக் கூடாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் அரசு சீட்டே விற்பதில்லை, அதனால் தடை செல்லும். ஆனால் கிண்டியில் குதிரை மேல் பணம் கட்டுவது சூதாட்டமில்லை, திறமை சார்ந்தது என்று 1996-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. என்ன திறமையோ!

இங்கே லாட்டரிக்குத் தடை இருப்பதால் காசு கேரளத்துக்குள்ளேயே கைமாற வேண்டும். பொள்ளாச்சியில் ஒருவர் கேரளச் சீட்டை ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு. வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்புகிறேன் என்பவனை உடனே பிளாக் செய்யுங்கள். மூணு நம்பர் லாட்டரி என்பது கேரள முடிவின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே நடக்கும் சூது. கேரள அரசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடையில் சீட்டைத் திருப்பிப் பாருங்கள், ஏஜென்ட் முத்திரை இருக்கும். அங்கேயே பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பணத்தை ஜிபே-யில் கட்டுவது நல்லது. எந்தக் கடை, எத்தனை மணி என்று பதிவாகிவிடும். கேரளத்தின் ஓணம் சிறப்பு லாட்டரியான திருவோணம் பம்பரில், 2023-ல், 25 கோடி திருப்பூர்க்காரர்கள் நால்வருக்கு விழுந்தது. கேரளத்து வாளையாரில் வாங்கிய சீட்டு. அதற்கே, தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்றது என்று ஒரு புகார் கிளம்பியது.

தினசரிக் குலுக்கல் மதியம் 3 மணிக்கு. 5,000 ரூபாய் வரை விழுந்தால் கேரளத்தில் எந்த லாட்டரிக் கடையிலும் மாற்றலாம். அதற்கு மேல் என்றால் மாவட்ட லாட்டரி அலுவலகம், பெரிய தொகைக்குத் திருவனந்தபுரம். 30 நாளுக்குள் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். சீட்டின் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ், சான்றொப்பமிட்ட போட்டோ, பான், ஆதார், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது எல்லாம் கேட்பார்கள். சீட்டை மடிக்காதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள்.

அப்புறம் கணக்கு. 25 கோடியில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், இரண்டரைக் கோடி, முதலிலேயே போய்விடும். மீதி 22.5 கோடியில் 30 சதவீதம் வருமான வரி. கைக்கு வருவது 15.75 கோடி. அந்த வரி மேல் போடும் சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. அதை நீங்களே கட்ட வேண்டும். அதனால் பணம் வங்கிக்கு வந்த கையோடு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், மச்சானுக்கு வாக்குக் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.