கண் மங்கினவருக்கும் கை நடுங்குகிறவருக்கும் ஒரு கல்குலேட்டரைத் தயார்படுத்துவது எப்படி?

முறிகண்டியில் கச்சான் விற்கிறவருக்கும் விசுவமடுவில் மரக்கறி நிறுக்கிறவருக்கும் முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்ற காசைப் பங்கு பிரிக்கிறவருக்கும் ஒரு நாளைக்குப் பல தரம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களில் கண்ணில் புரை விழுந்தவர் இருப்பார், சீனி வருத்தத்தால் பார்வை குறைந்தவர் இருப்பார், போரில் விரல்களை இழந்தவரும் இருப்பார். "போனிலேயே பாருங்கோவன்" என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என்னைக் கேட்டால் போனைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். வழுவழுத்த கண்ணாடியில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. புத்தகக் கடையில் கிடைக்கும் சாதாரண மேசைக் கல்குலேட்டர் ஒன்றைக் கொஞ்சம் திருத்தி எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

படி 1: சிக்கல் கண்ணிலா, கையிலா?

இதைத் தெரியாமல் கடைக்குப் போனால், "பெரிய எழுத்து" என்று சொல்லி எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கல்குலேட்டரிலோ பழைய பட்டன் போனிலோ 5ஐ ஆறு தரம் அழுத்தச் சொல்லுங்கள். ஆறுக்கு மேல் விழுந்தாலோ, இடையில் 2, 8 கலந்தாலோ பிரச்சினை கையில். சரியாக அழுத்திவிட்டு, விழுந்ததை வாசிக்கத் திணறினால் கண்ணில். இரண்டுமே இருக்கலாம்.

சீனி வருத்தக்காரரை ஒரு நாள் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். புரை உள்ளவருக்கு வெளிச்சம் கூடினாலும் கண் கூசும், ஆகவே கடைக்குள்ளே ஒரு தரம், வெளித் திண்ணையில் ஒரு தரம் சோதியுங்கள்.

படி 2: கடையில் பார்க்க வேண்டியவை

பாவிக்கப் போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கடையில் நாலைந்து மாதிரி எடுத்து மேசையில் வைக்கச் சொன்னால் வைப்பார்கள்.

முதலில் திரை. கல்குலேட்டர் எண்கள் எல்லாம் ஏழு சிறு கோடுகளால் ஆனவை. 8இல் ஏழு கோடும் தெரியும். அதில் ஒரேயொரு கோடு மறைந்தால் 0, 6, 9 ஆகிய மூன்றில் ஒன்றாகிவிடலாம். மங்கின கண் தடுக்கி விழுவது இங்கேதான். எனவே 8069 என்று அழுத்தி, வழக்கமாக வைக்கும் தூரத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 6980. இரண்டையும் தயங்காமல் வாசித்தால் அந்தத் திரை சரி. படுத்த திரையைச் சரிவாகப் பார்த்தால் எண் மங்கும், அதனால் தலை நிமிர்ந்து நிற்கும் திரை நல்லது.

12 இலக்கம் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதே அகலத் திரையில் 12 இலக்கத்தை அடைத்தால் ஒவ்வொரு எண்ணும் ஒடுங்கும். 8 இலக்கத்தில் சதத்தோடு 999,999.99 ரூபா வரை போடலாம். கச்சான் கடைக்கும் மீன் பங்குக்கும் அதுவே தாராளம். நெல் வாங்கி விற்கிறவருக்கும் அரிசி ஆலைக்காரருக்கும்தான் அதற்கு மேல் தேவைப்படும்.

அடுத்தது விசைகள். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, மேலெழும்பி இருக்க வேண்டும். அழுத்தும்போது "டிக்" என்று விரலுக்குத் தெரிய வேண்டும். மெத்தென்ற றப்பர் விசையில் அழுந்தியதா இல்லையா என்று தெரியாமல் கை நடுங்குகிறவர் இன்னொரு தரம் அழுத்திவிடுவார். கல்குலேட்டரின் பாரமும் முக்கியம். இலேசானது மேசையில் வழுக்கி ஓடும்.

சில ஃபான்சிக் கடைகளில் கதைக்கும் கல்குலேட்டரும் தொங்கும். வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுக் கேளுங்கள், அது சீன மொழியில் கதைக்கக்கூடும்! ஆங்கிலத்தில் எண் சொல்கிறவை நல்லவை. பார்வையற்றவர்களுக்காக அமெரிக்காவின் டெலிசென்சரி நிறுவனம் 1976 அளவில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

படி 3: அந்தச் சின்னத் தள்ளு விசையை ஒட்டிவிடுங்கள்

பலர் கவனிக்காத இடம் இது. மேசைக் கல்குலேட்டர் பலவற்றில் திரைக்குக் கீழே இடம் வலமாகத் தள்ளும் சின்ன விசை ஒன்றோ இரண்டோ இருக்கும். தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம், எப்படி முழுமையாக்குவது என்பதை அவைதான் தீர்மானிக்கும். கை தட்டுப்பட்டு அது 0க்குப் போய்விட்டால், 37.50 × 3 என்ற கணக்குக்கு 112.50 வராமல் 113 வரலாம். சிலவற்றில் "ஏ" (A) என்ற இடம் இருக்கிறது. அங்கே நின்றால் கூட்டும்போது 500 என்று அழுத்தியதை 5.00 என்று எடுத்துக்கொள்ளும். கல்குலேட்டர் பழுது என்று தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

தசம விசையை 2இல் வையுங்கள். மற்றதில் 5/4 (4 வரை விட்டுவிட்டு, 5 முதல் மேலே ஏற்றி முழுமையாக்குவது) என்று இருந்தால் அதில் வையுங்கள். பிறகு இரண்டின் மேலும் செலோ ரேப் ஒட்டிவிடுங்கள்.

படி 4: விரலுக்கு அடையாளம்

5ஆம் விசையைத் தடவிப் பாருங்கள். அநேகமாக ஒரு சிறு புள்ளியோ கோடோ மேலெழும்பி இருக்கும். அதுதான் நடுவீடு. அது மழுங்கலாக இருந்தால் கியூட்டெக்ஸ் போதும். ஓர் ஈர்க்கு நுனியில் தொட்டு நடுவில் ஒரு சொட்டு வையுங்கள். காய்ந்த பிறகு அதன் மேல் இன்னொரு சொட்டு. மூன்று நான்கு தரம் வைத்தால் மிளகு போலத் திரண்டு நிற்கும். விசையின் ஓரத்தால் உள்ளே வழிந்தால் விசை ஒட்டிக்கொள்ளும், அவசரம் வேண்டாம்.

சமன் விசைக்கு ஒரு நீளக் கோடு. எல்லாவற்றையும் அழிக்கும் விசைக்குச் சிறு துண்டு சாண்ட் பேப்பர், சொரசொரப்பு உடனே தெரியும். இந்த மூன்றோடு நிறுத்துங்கள். ஆர்வத்தில் எல்லா விசைக்கும் புள்ளி வைத்தால் எதையும் பிரித்தறிய முடியாது. கொஞ்சம் பார்வை உள்ளவராக இருந்தால், கறுப்பு விசையில் வெள்ளை அல்லது மஞ்சள் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி, தடித்த பேனையால் எண் எழுதலாம்.

படி 5: கைக்கு உதவி

வழுக்காமல் இருக்க, கல்குலேட்டரை ஒரு பலகைத் துண்டில் டபுள் ரேப்பால் ஒட்டுங்கள். பின்பக்கம் றெஜிபோம் துண்டு ஒன்றை முண்டுகொடுத்தால் முகம் பார்த்து நிற்கும்.

விரலை மடக்கிப் பிடிக்க முடியாதவருக்கு, தேய்ந்த பாட்டாச் செருப்பில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் துளைத்து, பென்சிலைச் செருகுங்கள். பென்சிலின் றப்பர் நுனியால் அழுத்தலாம், பிடியும் தடிப்பாக இருக்கும். விரல்களே இல்லாதவருக்கு அதே பென்சிலை அகலமான இலாஸ்டிக் பட்டியில் செருகி முன்கையில் கட்டலாம். இறுக்கம் எவ்வளவு, கோணம் எவ்வளவு என்பதை அவரே சொல்லட்டும்.

நடுக்கம் கூடியவருக்கு விசைகளின் மேல் ஒரு மூடி செய்து கொடுங்கள். செய்வது இப்படி: விசைகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் எல்லா விசையின் உருவமும் தாளில் வந்துவிடும். அந்தத் தாளைக் காட்போட் மட்டையில் ஒட்டி, ஒவ்வொரு விசைக்கும் ஒரு ஓட்டை வெட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று மட்டை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, நாலு மூலைக்கும் கால் வைத்து, விசையில் முட்டாத உயரத்தில் நிறுத்துங்கள். இனி கையை மூடியில் ஊன்றி வைத்துக்கொண்டு, வேண்டிய ஓட்டைக்குள் மட்டும் விரலை இறக்கலாம். பக்கத்து விசை படாது. வெட்டுவது அலுப்புப் பிடித்த வேலைதான், ஒரு பின்னேரம் போய்விடும்.

படி 6: பழக்கம்

போனில் அழைப்பு எடுக்க நம்பர் அழுத்தும் இடத்தில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். கல்குலேட்டரில் மேலே 7, 8, 9. போனில் பழகின விரல் இங்கே பிழைவிடும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவிரலை 5இல் வைத்தால் இரு பக்கமும் 4, 6. அங்கிருந்து மேலே கீழே போய் வரச் செய்யுங்கள்.

சோதிக்க நல்ல கணக்கு ஒன்று: 37037 × 3. விடை 111111. 3க்குப் பதில் 6 என்றால் 222222, 9 என்றால் 333333. விடை முழுக்க ஒரே எண் என்பதால் பிழை விட்டால் மங்கின கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்.

அடுத்து வியாபாரக் கணக்கு. கச்சான் பெரிய பைக்கற்று 240 ரூபாவில் மூன்று, சின்னது 180 ரூபாவில் இரண்டு என்று வைப்போம். 3 × 240 + 2 × 180 = என்று ஒரே மூச்சில் அழுத்தினால், சாதாரணக் கல்குலேட்டர் 129960 என்று காட்டும்! வந்த வரிசையிலேயே அது கணக்கைச் செய்கிறது. 720உடன் 2ஐக் கூட்டி, அதை 180ஆல் பெருக்கிவிட்டது. போனோ 1080 என்று சரியாகச் சொல்லும்.

ஆகவே இப்படி அழுத்துங்கள்: 3 × 240 எம் பிளஸ் (M+, விடையை நினைவில் கூட்டும் விசை), 2 × 180 எம் பிளஸ், பிறகு எம்ஆர்சி (MRC, நினைவில் இருப்பதைக் காட்டும் விசை). 1080 வரும். எம்ஆர்சியை மறுபடி அழுத்தினால் நினைவில் இருப்பது அழியும். அடுத்த வாடிக்கையாளருக்கு முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முன்னவரின் கணக்கும் சேர்ந்துவிடும். ஜிடி (GT, மொத்தக் கூட்டுத்தொகை) என்ற விசை இருந்தால் இன்னும் இலகு. ஒவ்வொரு வரிக்கும் சமன் அழுத்திக்கொண்டே போய், முடிவில் ஜிடி.

படி 7: போன்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு, முக்கியமாக முற்றாகப் பார்வை இல்லாதவருக்கு, போனே உதவி. ஆன்ட்ராய்டு அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய் டாக்பேக்கைப் போடுங்கள். இனித் தொட்ட எண்ணை அது வாசிக்கும், அழுத்துவதற்கு இரண்டு தரம் தட்ட வேண்டும். கூகுளின் குரல்களில் தமிழும் உண்டு. முதல் நாளில் எல்லாரும் குழம்புவார்கள், ஒலியளவு விசைகள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி பிடித்தால் டாக்பேக்கை நிறுத்தலாம். சில போன்களில் இந்தக் குறுக்குவழியை முதலில் அதே பகுதியில் இயக்கிவைக்க வேண்டும். கடையில் ஆள் நிற்கும்போது தொகையை உரத்துச் சொல்லும், ஒற்றைக் காதில் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

கை நடுங்குகிறவருக்குச் சாம்சங் போன்களில் அதே பகுதியில் ஒரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட நேரம் தொட்டால்தான் தட்டியதாக எடுக்கச் செய்யலாம், அடுத்தடுத்து விழும் தட்டல்களைக் கணக்கில் எடுக்காமல் விடச் செய்யலாம். ஐபோனிலும் இதுபோல உண்டு. திரை தானாகச் சுழல்வதையும் நிறுத்திவிடுங்கள். போன் சரிந்தால் பல கல்குலேட்டர்கள் தேவையில்லாத விசைகளை எல்லாம் காட்டி, எண்களைச் சின்னதாக்கிவிடும்.

பற்றரி

சூரிய ஒளித் தகடு இருப்பதால் பற்றரி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அநேகமானவற்றில் இரண்டும் இருக்கும். தகட்டைக் கையால் பொத்துங்கள். எண் மங்கினால் உள்ளே இருக்கும் பட்டன் பற்றரி தீர்ந்துவிட்டது. மங்கின திரையை வாசிக்க முடியாமல், தன் கண்தான் இன்னும் மோசமாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். எனவே கொஞ்சக் காலத்துக்கு ஒரு முறை நீங்களே பொத்திப் பாருங்கள். கழற்றிய பட்டன் பற்றரியைக் குழந்தைகள் எடுக்கும் இடத்தில் வைக்க வேண்டாம். விழுங்கினால் தொண்டையை எரித்துவிடும், உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.