திரும்பும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்: ஓமலூரிலிருந்து காரில் ஒரு நாள் பயணம்

எங்கள் தெருவில் மூன்று வீட்டு வாசலில் புதிதாகக் கார் நிற்கிறது. வாரம் ஒரு முறை துடைக்கிறார்கள், உறை போட்டு மூடுகிறார்கள், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எடுக்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய் வரலாமே" என்றால், "எங்கே போவது, எப்படிப் போவது என்றே தெரியவில்லை அண்ணா" என்று பதில் வருகிறது. ஓமலூரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது எனக்கு மனசு கேட்கவில்லை. மேற்கே காவிரி, கிழக்கே சேர்வராயன் மலை, கூப்பிடு தூரத்தில் தாரமங்கலம் கோவில். இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள் இத்தனை இடம் இருக்கும்போது கார் வாசலிலேயே நிற்க வேண்டியதில்லை. முதல் முறை கிளம்புகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வீடு திரும்பும் நேரம்

எல்லோரும் "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று தொடங்குவார்கள். நீங்கள் "இரவு எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும்?" என்று தொடங்குங்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இருட்டில் மலை இறங்குவதும், எதிர் வண்டி விளக்கு கண்ணைக் கூசும்போது நெடுஞ்சாலையில் ஓட்டுவதும்தான் கஷ்டம். அந்த இரண்டும் வராதபடி நாளைப் பின்னாலிருந்து கட்ட வேண்டும்.

ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். இரவு ஏழரைக்கு வீட்டில் இருக்க வேண்டும். மலை அடிவாரத்திலிருந்து சேலம் நகருக்குள் நுழைந்து ஓமலூர் வர, மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் வையுங்கள். அப்படியானால் ஆறரைக்குள் அடிவாரம். மலை இறங்க ஒரு மணி நேரம், ஆக ஏரிக்கரையிலிருந்து ஐந்தரைக்குள் புறப்பாடு. மூடுபனி, பிள்ளைகளின் "இன்னும் ஒரு தடவை படகு" எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு மணி நேரம் கழித்தால் நாலரை. இந்த நாலரையை வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலே போன பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து வேகக் கணக்கு. போனில் காட்டும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். நான்கு வழிச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர், ஊர்களுக்கு நடுவே போகும் சாலையில் 35, மலைப்பாதையில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். காகிதத்தில் அரை மணி நேரம் போலத் தெரியும், ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் மொத்தம் நான்கு மணியைத் தாண்டினால் அந்த இடத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

முதல் ஞாயிறு: தாரமங்கலம்

முதல் பயணத்தை மலையில் தொடங்க வேண்டாம். ஓமலூரிலிருந்து அரை மணி நேரத்தில் தாரமங்கலம். சமதளம், பேருந்தும் இருசக்கர வண்டியும் கலந்து வரும் சாலை. கை பழகுவதற்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

மேற்கு பார்த்த கைலாசநாதர் கோவில். இந்தப் பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் எழுப்பியது. பக்கத்து ஊர் என்பதாலேயே நம்மில் பலர் உள்ளே நின்று பார்த்ததில்லை. ஒரு தூணில் சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை இருக்கிறது, விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. இன்னொரு தூணில் ராமர் மறைந்து நின்று வில்லை வளைக்கிறார். அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி இருக்கும் தூணருகே போய்த் திரும்பிப் பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். என் மகள் இரண்டு தூணுக்கும் நடுவே நாலைந்து முறை ஓடி ஓடிச் சரிபார்த்தாள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் எட்டு மணிக்கே போய்விடுங்கள். பதினொன்றுக்குள் வீடு. முதல் பயணத்துக்கு இந்த அளவு போதும்.

இரண்டாவது: மேட்டூர்

மேச்சேரி வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். போகும் வழியில் மேச்சேரி பத்ரகாளியம்மன் கோவிலில் நிறுத்தினால் அம்மாவுக்கும் மனசு நிறையும், ஓட்டுகிறவருக்கும் முதுகு நிமிரும்.

கிளம்புவதற்கு முன் செய்தித்தாளில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். நாம் தினமும் தாண்டிப் போகும் அந்தச் சின்னப் பெட்டிச் செய்திதான் உங்கள் பயணத் திட்டம். 1934-ல் கட்டி முடித்த இந்த அணையின் முழு அளவு 120 அடி. முழுதாக நிரம்பி உபரிநீர் திறந்தால் பதினாறு கண் மதகுப் பக்கம் போய் நின்று பாருங்கள், தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மாறாக, நீர்மட்டம் மிகவும் இறங்கிவிட்ட ஆண்டு என்றால் கொளத்தூர் பக்கம் பண்ணவாடிக்கு வண்டியைத் திருப்புங்கள். அணை கட்டியபோது மூழ்கிய ஊரின் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு மேலே வந்து நிற்கும். அந்த நந்தியை முதல் முறை பார்த்தபோது எங்கள் அம்மா கும்பிட்டுவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

மதியம் அணைப் பூங்கா பக்கம் மீன். கடைக்காரர் தட்டில் வைத்திருக்கும் மீனை நீங்களே காட்ட வேண்டும், மசாலா தடவிப் பொரித்துத் தருவார். எடை போட்டு விலை சொன்ன பிறகு பொரிக்கச் சொல்லுங்கள். அணைக்கட்டு முனியப்பன் கோவிலில் கிடா வெட்டி விருந்து வைக்கும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை நிறைய வரும், வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். ஆடிப்பெருக்கு அன்று புது ஓட்டுநர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், அவ்வளவு கூட்டம். ஆற்றில் குளிப்பதானால் உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும். மதகு திறந்தால் நீர் சட்டென்று ஏறும்.

முந்தின நாள் மாலை

மலைக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். கிளம்பும் நாள் காலையில் எதையும் சரிபார்க்காதீர்கள், குறை தெரிந்தாலும் சரிசெய்யக் கடை திறந்திருக்காது. முந்தின நாள் மாலை பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் காற்று, அதோடு ஸ்டெப்னிக்கும். எல்லோரும் மறப்பது ஸ்டெப்னியைத்தான். ஜாக்கியும் நட்டு கழற்றும் ஸ்பேனரும் டிக்கியில் எங்கே இருக்கின்றன என்று கையால் தொட்டுப் பாருங்கள். கூலன்ட் அளவு, வைப்பர், பனி விளக்கு, பிரேக் விளக்கு. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனால் மலையில் சிக்னல் போகும் என்பதால் முன்பே திறந்து தரவிறக்கி வையுங்கள். சுங்கச்சாவடி வழியாகப் போகிற பயணம் என்றால் பாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டுக்கு நான் சொல்வது கட்டுச்சோறு. புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், எவர்சில்வர் தூக்கில். ஓட்டல் தேடி அலையும் ஒரு மணி நேரம் மிச்சமாகும். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பைக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை, மலையில் கண்டிப்பாக எடுத்துப் போகாதீர்கள். வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுவதும் வேண்டாம். வீசி வீசித்தான் அவை சாலைக்கு நடுவே வந்து அடிபடுகின்றன.

மூன்றாவது: ஏற்காடு

இப்போது மலை ஏறலாம். சேலம் வழிப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், வாந்தி நினைப்பே வராது. அப்படியும் வரும் பிள்ளைக்குக் காலையில் பால் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

ஏறும்போது: வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், வளைவுக்குள் போய் மாற்றாதீர்கள். ஹாரன் அடியுங்கள். எதிரே பேருந்து தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே ஓரமாக நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கு மொத்தச் சாலையும் தேவை. நின்ற வண்டியை மேட்டில் எடுக்க, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டால் பின்னால் உருளாது. இதை முன்பே நம் ஊரில் வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டில் இருபது முறை பழகிவிடுங்கள்.

இறங்குவதுதான் பாடம். முதல் முறை நான் மூன்றாவது கியரில், வழி நெடுக பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினேன். பாதி மலை வந்ததும் தீய்ந்த ரப்பர் போல ஒரு நெடி. பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட உள்ளே போகிறது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்தில் லேசான புகை. பின் சீட்டில் அம்மாவும் மகளும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனேன். பின்னால் வந்த வேன் ஓட்டுநர் ஓடி வந்து கையைப் பிடித்தார். "ஊத்தாதீங்க தம்பி, சூட்டுல டிஸ்க் கோணிக்கும். அரை மணி நேரம் சும்மா விடுங்க, தானா ஆறும். அப்புறம் எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, வண்டியே பிடிச்சுக்கும்." ஆறிய பிறகு இரண்டாவது கியரில் இறங்கினேன். பிரேக்குக்கு வேலையே குறைவு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்தது. அன்றிலிருந்து அந்த நெடி எங்கே வந்தாலும் மகள் "அப்பா, கியர்" என்பாள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. எஞ்சினை அணைத்து உருட்டினால் இன்னும் ஆபத்து, பவர் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாமல் கல்லாகிவிடும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் லிவரில் ‘எல்’ அல்லது மேனுவல் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பனி இறங்கினால் விளக்கை டிம்மில் வையுங்கள். பிரைட்டில் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

மேலே எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். காலையில் கூட்டம் வருவதற்கு முன் நேராகச் சேர்வராயன் கோவிலுக்குப் போய்விடுங்கள். 1,600 மீட்டருக்கு மேலே, மலை உச்சியில் ஒரு பரந்த வெளி. குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். மேட்டூரில் பார்த்த காவேரி இங்கே மலையோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வழியில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காபி. கோடை மழை பெய்து சில நாட்களில் காபி பூக்கும்போது ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், மல்லிகை போல வாசம் வரும். பிறகு பகோடா பாயின்ட், மதியச் சாப்பாடு, ஏரியில் படகு, மிளகாய் பஜ்ஜி, நாலரை. கிளியூர் அருவி நல்ல மழைக்குப் பிறகு மட்டும். கோடையில் போனால் பாறைதான், படியும் செங்குத்து, முட்டிவலி உள்ளவர்களை இறக்காதீர்கள்.

குப்பனூர் வழியாகவும் இறங்கி அயோத்தியாப்பட்டணம் வரலாம். இரண்டாம் முறைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களும் கனமழை நாட்களும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

அடுத்தடுத்து

பெரியவர்களோடு போவதானால் ஆத்தூர் சாலையில் 146 அடி முத்துமலை முருகன், மலை ஏறும் வேலையே இல்லை. நாமக்கல்லும் அப்படித்தான். ஒகேனக்கல்லுக்கு முன் பரிசல் ஓடுகிறதா என்று அன்று காலைச் செய்தியைப் பாருங்கள், நீர்வரத்து அதிகமானால் நிறுத்திவிடுவார்கள். தருமபுரி வழியாகத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கம், கனரக லாரிகள் நிறைந்த பாதை. அங்கே லாரிக்கு முன்னால் சட்டென்று புகாதீர்கள், வெளிச்சத்திலேயே தாண்டிவிடுங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டை நான்கைந்து முறை பிரேக் நெடி வராமல் இறங்கிய பிறகு போங்கள்.

ஏற்காட்டிலிருந்து வரும்போது சேலத்தில் ஒரு தட்டுவடை செட்டுக்கு நிறுத்த நேரம் இருக்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி. பிள்ளைகள் தூங்கியிருந்தால் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சட்னியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓமலூர் வருவதற்குள் தட்டுவடை நமத்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைப் பூட்டுவதற்கு முன், டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்து நான்கு எண்களை எழுதுங்கள்: புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், ஓடிய கிலோமீட்டர், போட்ட பெட்ரோல். என் நோட்டில் முதல் ஏற்காடு பக்கத்தில் திரும்பிய நேரம் 9.40 என்று இருக்கிறது. போன மாதப் பக்கத்தில் 7.20.