சம்பளப் பேச்சுவார்த்தையைத் தொழிற்சங்க அங்கத்தவர்கள் சூமில் கேட்க ஒழுங்கு செய்வது

முதல் வேலை முகாமைத்துவத்துக்கு ஒரு கடிதம். அங்கத்தவர்கள் கேட்பார்கள், பேசமாட்டார்கள், பதிவு செய்யமாட்டார்கள் என்று எழுதி, முகாமைத்துவத்தின் கையெழுத்தையும் வாங்குங்கள். இலங்கையின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தப்படி, சம்பந்தப்பட்ட தொழிலாளரில் 40 வீதமாவது சங்கத்தில் இருந்தால் தொழில்தருநர் பேச மறுக்கமுடியாது. பார்வையாளரைச் சேர்ப்பது வேறு விடயம்; அதைக் கேட்டுத்தான் பெறவேண்டும்.

படத்தைவிடச் சத்தம் முக்கியம். மடிகணினியின் ஒலிவாங்கியில் பக்கத்தில் இருப்பவரின் குரல்தான் விழும், எதிர்ப்பக்கம் முணுமுணுப்பாகிவிடும். மேசை நடுவில் வைக்கும் யூஎஸ்பி ஒலிவாங்கி ஒன்று தேவை. அதே அறையில் இன்னொரு கைபேசியும் சத்தத்தோடு இணைந்தால் எதிரொலி கிளம்பும். கமெராவை நிறுத்திவிட்டால் நெடுந்தீவில் இருப்பவருக்கும் டேட்டா மிஞ்சும்.

இலவச சூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், ஒரு மாதக் கட்டணம் கட்டுவது நல்லது. காத்திருப்பு அறையைப் போட்டு, பேச்சுக்குழுவில் இல்லாத ஒருவரிடம் அங்கத்தவர் பட்டியலைக் கொடுங்கள். "ரெட்மி", "சம்சுங்" என்ற பெயரில் வருபவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்தபின் மட்டும் உள்ளே விடுங்கள். மியூட்டை நீக்குதல், சட், திரைப்பகிர்வு, பெயர் மாற்றம் நான்கையும் அடைத்துவிடுங்கள். கூட்டத்தைப் பூட்டவேண்டாம், சிக்னல் விழுந்து வெளியே போனவர் திரும்பி வரமுடியாது. பங்கேற்பாளர் பட்டியல் தெரியும் திரையை முகாமைத்துவத்தின் பக்கம் திருப்பி வைக்கவும் கூடாது. யார் வந்தார்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி.

பெரும்பாலும் பிசகுவது இடைவேளையில்தான். பேச்சுக்குழு தனியே கலந்துபேச எழும்பும்போது மடிகணினி அறையிலேயே கிடக்கும். முகாமைத்துவம் தங்களுக்குள் பேசுவது அங்கத்தவர் காதில் விழுந்தால், அடுத்த அமர்வில் அனுமதி இராது. மியூட் போதாது, யாராவது மறந்து திறந்துவிடுவார்கள். அனைவருக்கும் கூட்டத்தை முடித்துவிட்டு, திரும்பி வந்ததும் அதே இணைப்பில் ஆரம்பியுங்கள். மீண்டும் உள்ளே விட ஐந்து நிமிடம் போகும், போகட்டும். அங்கத்தவரின் கருத்தை இடைவேளையில் கேட்பதென்றால் அதற்கு வேறு இணைப்பு, வேறு அறை.

இன்னொரு கைபேசியில் பதிவு செய்பவரைச் சூமின் எந்த அமைப்பாலும் தடுக்கமுடியாது. அதனால் ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் விதியை வாசியுங்கள். மீறுபவருக்கு அடுத்த இணைப்பு கிடையாது.

ரவுட்டருக்கு ஒரு யூபிஎஸ், கையில் வேறு வலையமைப்பின் ஹொட்ஸ்பொட். மின்சாரம் போனாலும் அமர்வை நிறுத்தச் சொல்லவேண்டாம். குறிப்பெடுப்பவர் விடுபட்ட பகுதியை அன்றிரவே எழுதி அனுப்பட்டும்.