மூன்று இலைக் கொடியைக் கண்டால் கை வைக்காதீர்கள்

நியூஜெர்சி பக்கம் முதல் வீடு வாங்கி, மே மாதம் பின்பக்கத் தோட்டத்தைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்களா? முதலில் வேலியோரத்தையும் மரத்தடியையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள், தொட்டாலே தோல் அரித்துக் கொப்புளிக்க வைக்கும் பாய்சன் ஐவி என்ற கொடி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வில்வ இலையை நினைத்துக்கொள்ளுங்கள்: மூன்று இலை சேர்ந்த கொத்து, நடு இலைக்குக் காம்பு நீளம். தளிர் செம்மையாகப் பளபளக்கும், கோடையில் பச்சை, அக்டோபரில் குழந்தைகள் ஆசையாகப் பறிக்கிற சிவப்பு. மரத்தில் ஏறிய பழைய கொடியில் தண்டு முழுக்க மயிர் போல வேர்கள் அப்பியிருக்கும், இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் அதைத் தொடக் கூடாது.

இது மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம். மாம்பால் பட்டு உதட்டோரம் வெந்துபோனவர்களுக்குச் சட்டென்று புரியும். இதிலிருக்கும் எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உண்டு, காய்ந்து செத்த கொடியிலும் வருஷக்கணக்கில் வீரியம் போகாது. என் கணவர் வேலை முடிந்ததும் கையை நன்றாகத்தான் கழுவினார், ஷூ லேஸை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அடுத்த வாரம் அதே ஷூவைக் கட்டிக்கொண்டு நடக்கப் போனார், இரண்டு நாளில் விரலிடுக்கெல்லாம் கோடு கோடாகக் கொப்புளம்.

மழை பெய்து மண் இளகிய மறுநாள் வேரோடு பிடுங்குவது சுலபம். முழுக்கைச் சட்டை, சாக்ஸுக்குள் செருகிய பேன்ட், கனமான வினைல் கையுறை. மெல்லிய லேடெக்ஸ் கையுறை வழியாக எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். புல்வெட்டும் டிரிம்மரை இதன் மேல் ஓட்டாதீர்கள், சாறு மேலெல்லாம் தெறிக்கும்.

பிடுங்கியதை என்ன செய்வது? ஊரில் சருகைக் கூட்டித் தீ வைத்த பழக்கத்தில் இதை மட்டும் கொளுத்திவிடாதீர்கள், ப்ளீஸ். புகையோடு அந்த எண்ணெயும் மூச்சில் போய் நுரையீரலையே புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்து. உரக்குழியிலும் போட வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் பையில், அதற்கு மேல் இன்னொரு பையில் கட்டி வையுங்கள். குப்பையோடு போடலாமா என்பது டவுன்ஷிப்புக்கு டவுன்ஷிப் மாறும், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தோலில் பட்டுவிட்டால் முடிந்தவரை பத்து நிமிஷத்துக்குள், தாமதமாகிவிட்டாலும் விட்டுவிடாமல், பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த தண்ணீருமாகத் துணியால் தேய்த்து மூன்று நான்கு முறை அலசுங்கள். துணிகளைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள். கத்தரி, மண்வெட்டி, ஷூ எல்லாவற்றையும் கையுறையோடு ரப்பிங் ஆல்கஹால் போட்டுத் துடையுங்கள். நாய் கூடவே சுற்றியிருந்தால் அதற்கும் ஒரு குளியல், ரோமத்திலிருந்து குழந்தைகளுக்கு வந்துவிடும்.

அரிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தொடங்கும். கொப்புளத்து நீரால் அது பரவாது, அதனால் பிள்ளையைத் தூக்கப் பயப்பட வேண்டாம். காலமைன், ஈரத்துணி ஒத்தடம் போதும். முகம், கண், மறைவிடம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், மூச்சு திணறினால் உடனே 911.