கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், ஒரு சார்ட்: முதல் ஸ்கிராப் புக் செய்வது எப்படி?

போட்டோவும் நினைவுக் காகிதங்களும் ஒட்டி வைக்கிற ஆல்பம்தான் ஸ்கிராப் புக். அதைச் செய்யலாம் என்று ஆசை வந்ததும் பலரும் ஆன்லைனில் ஒரு கிட் வாங்கிவிடுகிறார்கள். பிரித்தால் ஈபிள் கோபுர ஸ்டிக்கர், காபி கோப்பை ஸ்டிக்கர், பளபளக்கும் டேப். அதையெல்லாம் ஒட்டி முடித்தால் ஆல்பம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது யார் வீட்டு ஆல்பம் என்று சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பக்கத்து வீடு ஒன்றின் பரணில் இருக்கிற காகிதங்களே இந்த வேலைக்குத் தாராளம். ஒரு சார்ட் மட்டும் கடையில் வாங்கினால் போதும்.

இங்கே சொல்லப்போவது, விசிறி போல மடித்து விரியும் ஆல்பம். தையல் வேண்டாம், பைண்டிங் தெரிந்திருக்க வேண்டாம். ஒட்டுகிற பொருள் கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் புத்தகம் வாய் பிளந்து நிற்காது என்பது இதில் பெரிய வசதி. முழுதாக இழுத்தால் ஏழு அடி நீளத்துக்கு விரியும்.

எடுத்து வைக்க வேண்டியவை

22க்கு 28 அங்குல சார்ட் ஒன்று. டவுன் ரத வீதிகளிலோ பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமோ எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். கறுப்பு, பழுப்பு, வெளிர் மஞ்சள் இவற்றில் ஒன்றாக இருந்தால் போட்டோ எடுப்பாகத் தெரியும். சுருட்டித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் பாய்க்கு அடியில் ஒரு ராத்திரி விரித்து வைத்துவிட்டால் நேராகிவிடும்.

இரும்பு ஸ்கேல், கட்டர், கத்தரி, பென்சில், ஃபெவிக்கால், இருபக்க டேப், ரீஃபில் தீர்ந்துபோன ஒரு பால்பாயின்ட் பேனா. அந்தக் காலிப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மடிப்புக்கோடு போட அதைவிட நல்ல கருவி இல்லை.

மேலட்டைக்குப் போன வருடத்துக் காலண்டர் அட்டை நன்றாக உழைக்கும். ஆனால் அதில் முருகனோ லட்சுமியோ இருப்பார்கள். "ஏட்டி, சாமி படத்துல போய் கத்திய வைக்கியே" என்று ஆச்சி ஒரு சத்தம் போட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். அந்த வீட்டுக்காரர்கள் சேலைப் பெட்டியையோ சட்டைப் பெட்டி அட்டையையோ எடுத்துக்கொள்ளலாம். மெல்லியதாக இருந்தால் இரண்டை ஒட்டித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பழைய கல்யாணப் பத்திரிகைகள். இவற்றை எடைக்குப் போடுவது பெரிய பாவம். தடித்த தாள், தங்க நிற அச்சு, குத்துவிளக்கு, மயில், வாழைமரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், படக்குறிப்பு எழுத அதை நறுக்கிக்கொள்ளலாம். மஞ்சள் தடவிய மூலையை வெட்டி எறிந்துவிடாமல் அப்படியே ஒட்டுங்கள்.

சார்ட்டை வெட்டுவது

22 அங்குலப் பக்கத்தில் ஏழு, ஏழு, ஏழு என்று மூன்று குறி வையுங்கள். ஒரு அங்குலம் மிஞ்சும். 28 அங்குல நீளத்துக்குக் கோடிழுத்து வெட்டினால் 7க்கு 28 அளவில் மூன்று பட்டைகளும், ஒரு அங்குல அகலத்தில் ஒரு நாடாவும் வரும். நாடாவை ஏழு அங்குலத் துண்டுகளாக நான்காக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சார்ட்டில் ஒரு துண்டுகூட வீணாகவில்லை.

கட்டரால் ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள். ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு லேசாக இரண்டு மூன்று முறை இழுத்தால் ஓரம் பிசிறு இல்லாமல் வரும். ஆனி ஆடியில் இந்த வேலைக்கு உட்காருகிறவர்கள் மேற்கு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று வெட்டி வைத்த துண்டுகளையெல்லாம் முற்றத்துக்குக் கொண்டுபோய்விடும்.

மடிப்பு

ஆல்பம் கோணாமல் நிற்பது மடிப்பில்தான் இருக்கிறது. இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

காகிதத்துக்கும் மரத்தைப் போல ஓட்டம் உண்டு. இழைகள் ஒரு திசையில் படிந்திருக்கும். சார்ட்டை இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாக வளைகிற வாக்கில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். எதிர்வாக்கில் மடித்தால் மேல்தோல் வெடித்து வெள்ளை தெரியும். உங்கள் சார்ட் எதிர்வாக்கில் அமைந்துவிட்டால் பரவாயில்லை. ஸ்கேலை வைத்து, காலிப் பேனாவால் கோட்டை இரண்டு முறை அழுத்தி இழுத்து, அப்புறம் மடியுங்கள். வெடிக்காது.

ஒரு பட்டையை எடுத்து, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முன்பக்கம் வெளியே தெரியும்படி சரிபாதியாக மடியுங்கள். மடித்ததைப் பிரித்து, இப்போது முன்பக்கம் உள்ளே போகும்படி இரண்டு முனைகளையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். பிரித்துப் பார்த்தால் ஏழுக்கு ஏழு அங்குலத்தில் நான்கு சதுரங்கள் இருக்கும். முன்பக்கத்தைப் பார்த்து இடமிருந்து வலமாக எண்ணினால் முதல் மடிப்பு பள்ளம், இரண்டாவது மேடு, மூன்றாவது பள்ளம். மற்ற இரண்டு பட்டைகளையும் அச்சாக இதே போல மடியுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் கரண்டியின் முதுகால் தேய்த்து அழுத்துங்கள்.

இனி இணைப்பு. ஒரு அங்குல நாடாத் துண்டு ஒன்றை நீளவாக்கில் பாதியாக மடித்து ஃபெவிக்கால் தடவுங்கள். முதல் பட்டையின் கடைசி ஓரமும் இரண்டாம் பட்டையின் முதல் ஓரமும் ஒட்டினாற்போல நிற்க, பின்பக்கமாக இந்த நாடாவை ஒட்ட வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் இணைப்பு மேடாக வர வேண்டும். மூன்றாம் பட்டைக்கும் அப்படியே. இரண்டு ஓரங்களுக்கும் இடையில் ஒரு நூல் அளவு இடைவெளி விடுங்கள், விட்டால்தான் மடியும்போது திணறாது. இப்போது மொத்தம் 12 சதுரங்கள், பள்ளமும் மேடுமாக மாறி மாறி 11 மடிப்புகள். மூடிப் பார்த்தால் முதல் சதுரத்தின் முதுகும் கடைசிச் சதுரத்தின் முதுகும் வெளியே இருக்கும். மேலட்டை ஒட்ட வேண்டிய இடம் அதுதான்.

மேலட்டை

ஏழே கால் அங்குலச் சதுரமாக இரண்டு அட்டைகள் வெட்டுங்கள். மூடுவதற்குப் பழைய பருத்திச் சேலைத் துண்டு, ரவிக்கைத் துணி, பத்திரிகை உறை எதுவும் சரி. சுற்றிலும் ஒரு அங்குலம் மடக்க வேண்டுமென்பதால் துணி ஒன்பதே கால் அங்குலம் வேண்டும். ஃபெவிக்காலைத் துணியில் தடவாமல் அட்டையில் மெல்லிசாகத் தடவுங்கள். துணியில் தடவினால் ஊறி, மேலே கறை கறையாகத் தெரியும். நான்கு மூலைகளையும் அட்டையை ஒட்டிவிடாமல் சற்றுத் தள்ளிச் சாய்வாக வெட்டிவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களை மடக்கி ஒட்டுங்கள்.

கட்டுவதற்கு ரிப்பன் வேண்டுமானால், பின்னட்டையின் உள்பக்கம் குறுக்கே அதை வைத்து, அதன் மேல்தான் கடைசிச் சதுரத்தை ஒட்ட வேண்டும். ஒட்டியபின் நினைவு வந்து பயனில்லை. சதுரத்தைச் சுற்றிக் கொஞ்சம் அட்டை ஒரே சீராகத் தெரியும்படி நடுவில் ஒட்டுங்கள்.

ஈரம் அடுத்த தாளுக்கு இறங்காமல் இருக்க, கழுவிக் காய வைத்த பால் கவரை வெட்டி, ஒட்டிய சதுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வையுங்கள். மேலே பலகை, அதன் மேல் அம்மிக்குழவி. ஒரு ராத்திரி முழுக்க இருக்கட்டும். வெயிலில் காய வைத்தால் அட்டை அப்பளமாக வளைந்துவிடும்.

மைதாப் பசை பிடித்தவர்கள் அதையே காய்ச்சிக்கொள்ளலாம். இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஒரு டம்ளர் தண்ணீரில் சின்னத் தீயில் கண்ணாடிப் பதம் வரும்வரை கிண்டினால் ஆயிற்று. மெதுவாகக் காயும் என்பதால், கோணலாக ஒட்டினாலும் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆனால் கரப்பான் பூச்சிக்கு இது விருந்து. பைண்டிங் செய்கிறவர்கள் அதற்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

முன்னட்டைக்கு ஒரு காகிதப் பாய்

பத்தமடைக்காரர்கள் தாமிரபரணிக் கரைக் கோரையில் பொண்ணு மாப்பிள்ளை பெயரையே பாயில் நெய்துவிடுவார்கள். நெடுக்கே ஓடும் பருத்தி நூல் பாவு, குறுக்கே போகும் கோரை ஊடை. அந்த நுணுக்கம் காகிதத்தில் வராது. ஆனால் முறை ஒன்றுதான், எட்டு வயதுப் பிள்ளைக்கும் கை வரும்.

ஐந்து அங்குலச் சதுரத் தாள் ஒன்று எடுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் ஓரம் விட்டு, உள்ளே அரை அங்குலத்துக்கு ஒன்றாக நெடுக்குக் கோடுகள் போட்டு கட்டரால் கீறுங்கள். எட்டுப் பாவு கிடைக்கும். வேறு நிறத்துப் பத்திரிகை உறையில் அரை அங்குல அகலம், ஐந்து அங்குல நீளத்துக்கு ஊடைப் பட்டைகள் வெட்டுங்கள். முதல் பட்டை மேலே, கீழே, மேலே, கீழே. அடுத்தது கீழே, மேலே என்று தொடங்க வேண்டும். ஒவ்வொன்றையும் நகத்தால் நெருக்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள். ஏழு பட்டை எளிதாகப் போகும். எட்டாவது மல்லுக்கட்டும், போகாவிட்டால் விட்டுவிடுங்கள். முனைகளைப் பின்னால் துளி பசையால் ஒட்டி, முன்னட்டையின் நடுவில் பதியுங்கள். ஒரு மேல் ஒரு கீழ் என்பதற்குப் பதிலாக இரண்டு மேல் இரண்டு கீழ் என்று போட்டு, வரிசைக்கு ஒன்றாக நகர்த்தினால் சாய்வுக் கோடு விழும். எனக்கு அதுதான் அழகு.

உள்ளே என்ன ஒட்டலாம்?

முதல் ஆல்பத்துக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் இந்த விசிறி மடிப்புக்கென்றே அமைந்தது. முன்னால் பிள்ளையார் தேர், கடைசியில் சண்டிகேசுவரர் தேர், நடுவே முருகனும் நெல்லையப்பரும் காந்திமதியம்மனும் என்று ஐந்து தேரையும் ஐந்து சதுரத்தில் வரிசையாக ஒட்டி, ஆல்பத்தை இழுத்துத் தரையில் நிறுத்தினால் ரத வீதியே நிற்கும்.

4க்கு 6 அங்குல போட்டோ ஒரு சதுரத்தில் படுக்கைவாட்டில் அழகாக உட்காரும். ஃபெவிக்கால் தடவாதீர்கள், சுருக்கம் விழும். இருபக்க டேப் நல்லது. அதைவிட மூலைக்கவ்வி நல்லது. மிச்சமான இரண்டு நாடாத் துண்டுகளை அரை அங்குலத்துக்கு ஒன்றாக நறுக்கினால் 28 துண்டுகள், அதாவது ஏழு போட்டோவுக்கான கவ்விகள். ஒவ்வொரு துண்டையும் அகலவாட்டில் பிடித்து, மேல் ஓரத்தின் இரண்டு பாதிகளையும் நடுவில் சேரும்படி பின்பக்கமாகச் சாய்த்து மடித்தால் முக்கோணம் வரும். போட்டோ மூலையை அதற்குள் செருகி, கவ்வியின் முதுகை மட்டும் தாளில் ஒட்டுங்கள். வேண்டும்போது போட்டோவை உருவிக்கொள்ளலாம். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படமென்றால் அசலைத் தொடாமல் பிரதி எடுத்து ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தினசரி காலண்டர் தாள்தான். கல்யாணத் தேதியோ பிள்ளை பிறந்த தேதியோ, அந்த நாளின் தாளைக் கிழித்து வைத்திருந்தால் தமிழ் மாதம், திதி, நட்சத்திரம், ராகு காலம், அன்றைய ராசிபலன் வரைக்கும் அதில் இருக்கும். தனியாக ஒரு தலைப்பு எழுத வேண்டியதில்லை. பலன் பலித்ததா என்று மட்டும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். தாள் மட்டமானது என்பதால் மஞ்சளாகும். அதனால் போட்டோவோடு உரசாமல் தனிச் சதுரத்தில் வையுங்கள்.

பஸ் கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட் சூட்டில் எழுத்து விழுகிற தாள். போகப் போக வெளிறி வெறும் காகிதமாகிவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். அல்வாக் கடைத் தாள் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நெய் அடுத்த பக்கம் வரை ஊறும். நெய் படாத மூடி கிடைத்தால் சரி.

கோயில் விபூதி, குங்குமத்தைச் சிந்தாமல் வைக்க ஒரு பொட்டலம் மடிக்கலாம், பசையே தேவையில்லை. ஐந்து அங்குலச் சதுரத்தைக் குறுக்கே மடித்து முக்கோணமாக்கி, உச்சி மேலே இருக்கும்படி வையுங்கள். வலது கீழ் முனையை எதிர்ச் சாய்வு ஓரத்துக்குக் கொண்டுபோங்கள், மடித்த பகுதியின் மேல்விளிம்பு அடிப்பக்கத்துக்கு இணையாக நிற்க வேண்டும். இடது முனையை அதன் மேல் அதே போல மடியுங்கள். உச்சியில் இரண்டு ஏடுகள் இருக்கும். முன் ஏட்டை முன்னால் உள்ள மடிப்புப் பைக்குள் செருகுங்கள். கிண்ணம் போல வாய் திறக்கும், விபூதியைப் போட்டுப் பின் ஏட்டையும் அதே பைக்குள் செருகினால் மூடிவிடும். பூ, அரசிலை ஒட்ட வேண்டுமென்றால் செய்தித்தாளுக்கு நடுவில் இரண்டு வாரம் கனமான புத்தகத்தின் அடியில் வைத்து நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள். பச்சையாக ஒட்டினால் பூசணம் பிடிக்கும்.

ஒரு சதுரத்தில் ஒரு போட்டோ, ஒரு காகிதம், இரண்டு வரி எழுத்து. அதற்கு மேல் திணிக்காதீர்கள். மினுக்குத்தூள் பக்கம் போகவே வேண்டாம், வீடு முழுக்க ஒரு மாதம் மின்னும். பால்பாயின்ட் பேனா போட்டோவின் பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும் என்பதால் அங்கே பென்சிலால் மட்டும் தேதியும் பெயரும் எழுதுங்கள். முன்பக்கத்து 12 சதுரமும் நிறைந்துவிட்டால், பின்பக்கம் இன்னும் பத்து இருக்கிறது.

வைக்கும்போது பீரோவில் துணி அடுக்கோடு படுக்க வைத்து, வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து பக்கத்தில் போட்டுவையுங்கள். குற்றாலச் சாரல் நம் பக்கமும் எட்டிப் பார்க்கிற நாட்களில் ஒரு முறை எடுத்து நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள்.