ஸ்ப்ளங்க் தேடலில் பைப்பும் மேக்ரோவும்: ஆத்தங்குடிக் கல்லை வைத்து ஒரு பாடம்

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூவேலைக் கல்) விற்கும் கடை ஒன்றின் இணையதளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். "பக்கம் திறக்கலையே" என்று போன் வந்தால், சர்வர் பதிவுகளை ஸ்ப்ளங்க் என்ற மென்பொருளில் தேடுவேன். அதற்கு பைப் (ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு அனுப்புவது), மேக்ரோ (பெயர் வைத்துச் சேமித்த தேடல் துண்டு) இரண்டும் தெரிந்தால் போதும். இங்கே கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாமே ஆங்கில எழுத்தில்.

கல் செய்வதை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, மேலே ஈரக் கலவையை அழுத்தி மட்டம் செய்வார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகும். ஒரு படி முடிந்த கல்தான் அடுத்த படிக்குப் போகும். பைப்பும் அப்படித்தான். 1964-இல் கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் எழுதி வைத்த யோசனை, 1973-இல் கென் தாம்சன் கையால் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வந்தது. அதற்கான | என்ற நெடுக்குக் கோடுதான் ஸ்ப்ளங்க்கிலும்.

படி 1. இதைத் தட்டுங்கள்:

இண்டெக்ஸ்=வெப் ஸ்டேட்டஸ்=404 | ஸ்டாட்ஸ் கவுண்ட் பை யூஆர்ஐ_பாத் | ஸார்ட் -கவுண்ட் | ஹெட் 10

முதல் துண்டு, வெப் என்ற பதிவுத் தொகுப்பிலிருந்து 404, அதாவது கிடைக்காத பக்கங்களைக் கேட்ட வருகைகளைப் பொறுக்குகிறது. ஸ்டாட்ஸ் பக்கவாரியாக எண்ணுகிறது. ஸார்ட் பெரிய எண்ணை மேலே கொண்டுவருகிறது. ஹெட் முதல் பத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது.

படி 2. வரிசையை மாற்றிப் பாருங்கள். ஹெட் 10-ஐ ஸ்டாட்ஸுக்கு முன்னால் வைத்தால், கடைசியாக வந்த பத்துப் பதிவுகளை மட்டுமே எண்ணும். விடை வரும், ஆனால் தப்பான விடை. பிழைச் செய்தியும் வராது. இன்னொன்று: ஸ்டாட்ஸ் தாண்டியபின் கையில் மிஞ்சுவது பக்கமும் எண்ணிக்கையும்தான். அங்கே போய் வந்தவரின் ஐபி முகவரியைக் கேட்டால் கிடைக்காது. மேலே சிமெண்ட் விழுந்தபின் வண்ணத்தை மாற்ற முடியுமா? வடிகட்ட வேண்டியதை முதலிலேயே வடிகட்டுங்கள். தேடலும் வேகமாக முடியும்.

படி 3. சரி, இப்போது மேக்ரோ. இதுதான் அச்சு. பூ மாறாது, வண்ணம் மட்டும் மாறும். செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு சர்ச், சர்ச் மேக்ரோஸ் என்று போய்ப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். பெயர்: பிழை(1). அந்த 1, எத்தனை மதிப்பு கொடுப்போம் என்பதற்கு. ஆர்கியுமெண்ட்ஸ் கட்டத்தில் எண் என்று எழுதுங்கள். டெஃபனிஷனில்:

ஸ்டேட்டஸ்=$எண்$ | ஸ்டாட்ஸ் கவுண்ட் பை யூஆர்ஐ_பாத் | ஸார்ட் -கவுண்ட்

படி 4. கூப்பிடுவது:

இண்டெக்ஸ்=வெப் `பிழை(404)` | ஹெட் 10

404-க்குப் பதில் 500 போட்டால் சர்வர் கோளாறுகள் வரும். பிழை(404)-க்கு இருபுறமும் உள்ள சாய்ந்த குறியை எஸ்கேப் விசைக்குக் கீழே, 1-க்கு இடப்பக்கம் தேடுங்கள். என்டர் பக்கத்தில் உள்ள ஒற்றை மேற்கோள் குறி வேலைக்கு ஆகாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேக்ரோ என்பது எழுத்தை அப்படியே ஒட்டுவதுதான். ஒருமுறை "ஸ்டேட்டஸ்=404 ஆர் ஸ்டேட்டஸ்=500" (ஆர் என்றால் 'அல்லது') என்பதை அடைப்புக்குறி போடாமல் ஒரு மேக்ரோவில் வைத்துவிட்டு, நல்ல வருகைகளை மட்டும் எண்ண அதன் முன்னால் நாட் ('இது தவிர') சேர்த்தேன். நாட் 404-ஐ மட்டும் பிடித்துக்கொண்டது. 500 எல்லாம் கணக்கில் நின்றுவிட்டது. ஒரு வாரக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. ஆர் வந்தால் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். சந்தேகம் வந்தால் தேடல் பெட்டியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மேக்ரோ விரிந்து உள்ளே இருப்பது அப்படியே தெரியும்.

அப்புறம் பெர்மிஷன்ஸ். புது மேக்ரோ முதலில் உங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதை ஆப் அளவில் பகிர்ந்து வாசிக்கும் அனுமதி கொடுங்கள். எங்கள் கடையில் கணக்குப் பார்க்கும் ஆச்சி இப்போது என்னைக் கேட்பதில்லை. காலையில் தானே அந்த ஒரு வரியைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறார்.